காலை எடுத்தால் ஓடும், அழுத்தி மிதித்தாலும் ஓடும்

நாமக்கல்லில் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு லாரி எலக்ட்ரீசியன் இருப்பார். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹெட்லைட் ஒயரிங் என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற கைகள். ஆனால் பெட்ரோல் காரின் இக்னிஷன் கோளாறு என்று போய் நின்றால் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். டீசல் லாரிக்கு ஸ்பார்க் பிளக் ஏது, காயில் ஏது? அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்கிற எண்ணெய் அது. பொறி தேவைப்படும் வண்டிகள் இந்த ஊரில் சிறுபான்மைதான். அதிலும் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் வைத்த 1998 மாடல் காரை இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கிறவனை விநோதமாகத்தான் பார்ப்பார்கள்.

கார் அப்பா வாங்கியது. கம்பெனிப் பெயர் வேண்டாம். கால் நூற்றாண்டு ஓடிய பிறகு வரும் கோளாறுக்குக் கம்பெனிக்காரன் என்ன செய்வான்? நான்கு சிலிண்டர், ஐந்து கியர். ஏசி உண்டு, வேலை செய்யாது. என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. போர்வெல் சப்மெர்சிபிள் முதல் வீட்டு மிக்ஸி வரை, செம்புக் கம்பியோடுதான் இத்தனை வருஷமும். அதனால் காரில் காயில் என்ற பெயர் வருகிற எதையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று ஒரு திமிர். கீழே சொல்லப்போகிற செலவில் பாதி அந்தத் திமிருக்கு ஆனது.

போன வருஷம் ஆனி மாதம். ஸ்டாம்பிங் (மோட்டாருக்குள் அடுக்குகிற இரும்புத் தகடு) வாங்கச் சேலம் போய்க்கொண்டிருந்தேன். ராசிபுரம் தாண்டி நாலுவழிச் சாலையில் வண்டி 65-ல் சீராகப் போகிறது. திடீரென்று யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு. இரண்டு விநாடி கழித்து இன்னொன்று. கூடவே சைலன்சரில் ‘டொப்’ என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், சரியானது. மறுபடி லேசாக மிதித்தேன், மறுபடி வெட்டியது. எரிச்சலில் ஒரே அழுத்தாக அழுத்தினேன். எதுவுமே நடக்காத மாதிரி சீறிக்கொண்டு போனது.

இந்த நான்கு வரியில் கோளாறின் முழு விலாசமும் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஓடும்போது வெட்டுகிறது என்றால் பெட்ரோல் அடைப்பு என்று எல்லாரும் சொல்வதைத்தான் நானும் நினைத்தேன். ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட் ஊதினார்கள். பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார்கள். ஒரு நாள் நன்றாக ஓடியது. அடுத்த நாள் பழைய குருடி கதவைத் திறடி. பிறகு நான்கு பிளக். பிறகு பிளக் ஒயர் செட். பிறகு இக்னிஷன் காயில். ஒவ்வொன்றும் மாற்றியதும் ஒரு நாளோ இரண்டு நாளோ ஒழுங்காக ஓடும். அதில்தான் ஏமாந்தேன். விட்டுவிட்டு வருகிற கோளாறுக்கு நாம் எதை மாற்றினாலும் கொஞ்ச நேரம் அடங்கி இருக்கிற குணம் உண்டு. பிரித்து மாட்டும்போது ஒயர்கள் அசைகின்றன, எஞ்சின் ஆறுகிறது, அவ்வளவுதான். மாற்றிய சாமானுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலை. போகவே பயம், பாதி மலையில் நின்றால் என்ன செய்வது என்று. காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு. முதல் கியர், இரண்டாம் கியர் என்று எஞ்சினைப் பிழிந்து எடுத்தேன். ஒரு வெட்டுகூட இல்லை. செம்மேடு போய், அறப்பளீஸ்வரரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்ததும் ஒழுங்காகவே வந்தது. வீட்டுக்காரி, “அறப்பளி சாமி சரி பண்ணிட்டாருங்க” என்றாள். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி சமதளத்துக்கு வந்ததும் மறுபடி ‘டொப்’.

பெட்ரோல் போதாத வண்டியாக இருந்தால் மலை ஏறும்போதுதான் மூச்சுத் திணற வேண்டும். அங்கேதான் அதற்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். இந்த வண்டியோ மலையில் சிங்கம், சமதளத்தில் சீக்காளி. அதைக்கூட அப்போது நான் யோசிக்கவில்லை. காயிலையும் மாற்றியாகிவிட்டது, இனி இக்னைட்டர் மாட்யூல் என்கிற எலக்ட்ரானிக் பெட்டிதான் பாக்கி என்று கணக்குப் போட்டேன்.

மாட்யூலுக்குப் போகுமுன் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று என் பாஷையில் சொல்லிவிடுகிறேன். கிணற்று மோட்டாரை ஆஃப் செய்யும்போது ஸ்டார்ட்டருக்குள் ஒரு பொறி தெறிக்கும், பார்த்திருப்பீர்கள். காயிலில் ஓடுகிற கரண்டைத் திடீரென்று அறுத்தால் அது சும்மா அடங்காது, எகிறும். அந்த எகிறலை வேண்டுமென்றே செய்வதுதான் இக்னிஷன். பேட்டரியின் 12 வோல்ட் காயிலின் தடிமனான சுற்றில் ஓடுகிறது. சட்டென்று அறுத்ததும் அதே சுற்றில் சில நூறு வோல்ட் எழும்பும். மெல்லிய சுற்றில் இதைவிடச் சுமார் நூறு மடங்கு வளையம் இருப்பதால், அங்கே இருபது முப்பதாயிரம் வோல்ட் கிடைக்கும். அது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற ரோட்டர் வழியாக 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் போகும்.

அறுக்கிற வேலையை ஒரு காலத்தில் பாயிண்ட் செட் செய்தது. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கடிலாக் கார்களுக்குச் செய்து கொடுத்த முறை அது. அம்பாசிடர், பத்மினி ஓட்டியவர்களுக்குப் பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்த நினைவு இருக்கும். அமெரிக்காவில் கிரைஸ்லர் 1973 மாடல் கார்களில் பாயிண்டைத் தூக்கிவிட்டு டிரான்ஸிஸ்டரை வைத்துவிட்டது. பிறகு எல்லாரும் அதே வழிக்கு வந்தார்கள். 3000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் வண்டிக்கு விநாடிக்கு நூறு பொறி வேண்டும். தேயாமல், கருகாமல் அறுக்க டிரான்ஸிஸ்டர்தான் லாயக்கு.

ஆனால் எப்போது அறுக்க வேண்டும் என்று டிரான்ஸிஸ்டருக்கு யாராவது சொல்ல வேண்டுமே. அதைச் சொல்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பிக்கப் காயில். ஒரு சின்னக் காந்தம், அதைச் சுற்றி முடியளவு கம்பி. எதிரே நான்கு பல் வைத்த இரும்புச் சக்கரம் சுற்றும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு துளி மின்சாரம் பிறக்கும். குட்டி டைனமோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளி இரண்டு மெல்லிய ஒயர் வழியாக, டிரான்ஸிஸ்டர் இருக்கிற மாட்யூலுக்குப் போகும். மாட்யூல் காயிலின் கரண்டை அறுக்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் மல்டிமீட்டரை எடுத்தேன். காயில் பிரைமரி (தடிமனான சுற்று) 0.9 ஓம். (மீட்டரின் ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும். முதலில் இரண்டு முனையையும் ஒட்டிப் பார்த்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நல்ல காயிலைக் கெட்டது என்பீர்கள்.) செகண்டரி (மெல்லிய சுற்று) 11 கிலோ ஓம். பிக்கப் காயில் 158 ஓம், மேனுவலில் 140 முதல் 180 வரை என்று போட்டிருந்தது. எல்லாமே பாஸ். எல்லாம் பாஸ் என்றால் ஓம் வைத்து அளக்க முடியாத மாட்யூல்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். கடையில் வெளி மார்க்கெட் மாட்யூல் ஒன்று கிடைத்தது. அரை மணி நேரத்தில் மாட்டினேன்.

அங்கே இரண்டாவது கோளாறை நானே உண்டாக்கினேன்.

அதுவரைக்கும் வெட்டி வெட்டியாவது வீடு வந்து சேர்ந்த வண்டி, இப்போது புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரேயடியாக நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இருபது நிமிஷம் புளியமரத்தடியில் நின்றேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடித்தால் முதல் அடியிலேயே பிடித்தது. அடுத்த நாளும் அதே கதை. கிளம்பி அரை மணி ஆனால் சாகும், இருபது நிமிஷம் ஆறினால் பிழைக்கும். புது மாட்யூல் போட்டதால் மாட்யூல்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சாவி சுவிட்சைச் சந்தேகப்பட்டேன். நடுவே ஒரு நாள், பொறி வருகிறதா என்று பார்க்கப் பிளக் ஒயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி மகனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். முழங்கையைத் தாண்டி அடித்தது. பாயிண்ட் காலத்து ஷாக்கை விட இது பலமானது. இதய நோய் உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

கடைசியில் என் வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் சேந்தமங்கலம் ரோட்டில் அந்த ஐயாவிடம் போனேன். எழுபது வயது இருக்கும். ஒரு காலத்தில் அம்பாசிடர் டாக்ஸிகளுக்கு மட்டும் வேலை செய்தவர். இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னால் மாடு கட்டியிருக்கிறார். நான் மாற்றிய சாமான்களின் பட்டியலைச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“என்னென்ன மாத்துனீங்கன்னு அப்புறம் சொல்லுங்க தம்பி. எப்ப வெட்டுது, எப்ப வெட்டறதில்ல, அத மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். லேசாக மிதித்தால் வெட்டும். காலை எடுத்தால் சரி, முழுசாக மிதித்தாலும் சரி. மலையில் சுத்தமாக ஓடியது. கிளம்பி இருபது நிமிஷம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். சைலன்சரில் டொப் சத்தம்.

“இந்த நின்னு நின்னு போறது?”

“அது இப்பத்தானுங்கய்யா, ஒரு வாரமா.”

“எதுக்கப்புறம்?”

“மாட்யூல் மாத்துனதுக்கு அப்புறம்...” சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது.

“அது வேற, இது வேற தம்பி. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க” என்றார்.

முதலில் நிற்கிற கோளாறை எடுத்துக்கொண்டார். வண்டியை நிழலில் அரை மணி ஓடவிட்டோம். நின்றது. 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லேம்ப் ஒன்று வைத்திருந்தார். ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்றைக் காயிலின் மைனஸில் வைத்து என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். பல்பு மினுக்க வேண்டும். மினுக்கினால் அறுக்கிற பக்கம் வேலை செய்கிறது, கோளாறு காயிலுக்கு அப்புறம்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், ஒயர், பிளக். மினுக்காவிட்டால் காயிலுக்கு முன்னால்: மாட்யூல், பிக்கப், சாவி சுவிட்ச், எர்த். இந்த ஒரு பல்பை முதல் நாளே நான் வைத்துப் பார்த்திருந்தால் பிளக்கும் பிளக் ஒயரும் வாங்கியிருக்க மாட்டேன். இரண்டு நிமிஷ வேலை. வண்டியில் பாதியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். ஆனால் கோளாறு இருக்கும்போதுதான் வைக்க வேண்டும். வண்டி ஒழுங்காக ஓடும்போது வைத்தால் ஒழுங்காகத்தான் மினுக்கும்.

மினுக்கவில்லை. காயில் பிளஸ்ஸில் மீட்டர் வைத்து மறுபடி சுற்றச் சொன்னார். 10.4 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது அங்கே ஒன்பதரைக்குக் கீழே போகாமல் இருந்தால் சாவி சுவிட்சும் பேட்டரியும் தப்பித்தன. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே கால் வோல்ட்கூட இல்லை, எர்த்தும் சுத்தம். பிறகு ஒரு துணியை மாட்டுத் தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒயர் முனைகளில் படாமல் மாட்யூல்மேல் போர்த்தினார். நான் இருபது நிமிஷம் புளியமரத்தடியில் காத்திருந்தது இங்கே இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. வண்டி பிடித்துக்கொண்டது.

மாட்யூலைக் கழற்றிப் பார்த்தால் அடியில் எதுவும் தடவவில்லை. டிரான்ஸிஸ்டர் ஒவ்வொரு முறையும் சில ஆம்பியரை அறுக்கிறது. அந்தச் சூடு அடித்தகடு வழியாக வண்டியின் உலோகத்துக்கு இறங்க வேண்டும். அதற்குத்தான் வெள்ளையாக ஒரு ஹீட் சிங்க் பேஸ்ட். பழைய மாட்யூலில் இருந்ததை அழுக்கு என்று நினைத்து நான்தான் துடைத்தேன். அது போதாதென்று, மாட்டுகிற இடத்தில் பெயிண்ட் வேறு அடித்து அழகுபடுத்தியிருந்தேன். இன்வெர்ட்டர் போர்டுகளில் தினமும் பார்க்கிற பேஸ்ட்தான். காரில் என்றதும் புத்தி வேலை செய்யவில்லை. இடத்தை எமரி தாளில் தேய்த்து, பேஸ்ட் தடவி, பழைய மாட்யூலையே திரும்ப மாட்டினோம். அது ஆரம்பத்திலிருந்தே நல்ல மாட்யூல்.

நிற்கிற கோளாறு ஒழிந்தது. வெட்டுகிற கோளாறு அப்படியே இருந்தது.

இதற்கு ஐயா மீட்டரையே எடுக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, வேக்கம் அட்வான்ஸ், அதற்குக் கார்புரேட்டரிலிருந்து வருகிற மெல்லிய ரப்பர் குழாயைப் பிடுங்கினார். குழாயின் வாயில் ஒரு ஸ்குரூவைச் சொருகி அடைத்தார். “ராசிபுரம் வரைக்கும் போயிட்டு வாங்க. மெதுவா, சீரா ஓட்டுங்க” என்றார்.

போனேன். அறுபதில், எழுபதில், லேசாக மிதித்து, அழுத்தி மிதித்து. இழுவை கொஞ்சம் மந்தமாக இருந்தது. ஆனால் ஒரு வெட்டு இல்லை, ஒரு டொப் இல்லை. திரும்பி வரும்போது எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. மீதியை அவர் சொன்னார்.

லேசாக, சீராக மிதித்து ஓட்டும்போது கார்புரேட்டரின் அந்தத் துளையில் உறிஞ்சல் அதிகம். அந்த உறிஞ்சல் வேக்கம் அட்வான்ஸின் சவ்வை இழுக்கும். சவ்வு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிக்கப் காயில் உட்கார்ந்திருக்கும் தட்டைத் திருப்பும். பொறி கொஞ்சம் முன்கூட்டியே விழும், பெட்ரோல் மிச்சமாகும். காலை முழுசாக எடுத்தால் அந்தத் துளை திராட்டில் தகட்டுக்கு மறுபக்கம் நின்றுவிடும், உறிஞ்சல் இல்லை. முழுசாக மிதித்தால் வாய் திறந்துவிடும், அப்போதும் உறிஞ்சல் இல்லை. இரண்டிலும் தட்டு தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஆக என் வண்டி வெட்டியது தட்டு திரும்பியிருக்கிற நேரத்தில் மட்டும். கொல்லிமலையில் ஏறும்போது மிதித்த மிதியில் தட்டு அசையவே இல்லை. இறங்கும்போது காலே வைக்கவில்லை. சமதளத்துக்கு வந்து, நடுத்தரமாக மிதித்ததும் திரும்பியது.

தட்டு திரும்பும்போது அதோடு சேர்ந்து வளைவது இரண்டே இரண்டு ஒயர்.

மூடியைக் கழற்றி, பிக்கப்பின் கப்ளரை, அதாவது ஒயர் இணைப்பை, பிரித்து மீட்டரை வைத்தேன். 158 ஓம். அதே பழைய எண். இப்போது வேக்கம் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். பெட்ரோல் வாடை. தட்டு திரும்புவது கண்ணுக்குத் தெரிந்தது. மீட்டர் 158, 158, திடீரென்று ஒன்றுமில்லை. விட்டால் 158. உறிஞ்சினால் ஒன்றுமில்லை. பத்துத் தடவை செய்து பார்த்திருப்பேன். ஐயா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பிக்கப் காயில் நல்லது. அதிலிருந்து வெளியே வருகிற ஒயருக்குள் செம்பு இழைகள் அறுந்திருந்தன. வெளியே உறை முழுசு. வண்டி நிற்கும்போது அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, அதனால்தான் நான் அளந்தபோதெல்லாம் நல்ல பிள்ளையாக 158 காட்டியது. எஞ்சின் சூடாகி உறை இளகிய பிறகு, தட்டும் இழுத்தால், முனைகள் விலகிவிடும். இருபது நிமிஷம் ஏன் ஆனது என்பதற்கும் அதுதான் பதில். ஒர்க்‌ஷாப்பில் ஏன் ஒருவருக்கும் காட்டவில்லை என்பதற்கும் அதேதான்: ஆறிய எஞ்சினில் விர் விர் என்று ஆக்ஸிலரேட்டரை ஆட்டிப் பார்ப்பார்களே தவிர, சூடான எஞ்சினை 2500-ல் சீராகப் பிடித்துக்கொண்டு யார் நிற்பார்கள்? சைலன்சர் சத்தமும் இப்போது விளங்கியது. பொறி விழாத நேரத்தில் எரியாத பெட்ரோல் வெளியே போய்ச் சேருகிறது. அடுத்து பொறி வந்ததும் சைலன்சருக்குள் வெடிக்கிறது. பெட்ரோல் போதாமல் வெட்டுகிற வண்டியில் இந்த டொப் பெரும்பாலும் வராது.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. ஒயரை இரண்டு விரலால் மெதுவாக இழுத்தபடியே வர வேண்டும். செம்பு முழுசாக இருக்கும் இடத்தில் விறைப்பாக இருக்கும். அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர் மாதிரி நீளும். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் நுழைகிற ரப்பர் வாஷருக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே நீண்டது. அங்கேதான் வளைந்து வளைந்து நைந்திருக்கிறது.

பிக்கப் தனியாகக் கிடைக்கவில்லை, டிஸ்ட்ரிபியூட்டர் முழு செட்டாக வாங்கு என்றார்கள். ஒயரை மாற்றிக்கொண்டேன். இது என் சொந்தத் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாதாரண ஒயரிங் ஒயர் இங்கே ஆகாது, தடித்த இழை, சீக்கிரம் முறியும். நல்ல மல்டிமீட்டரின் புரோப் ஒயர் இருக்கிறதல்லவா, சிலிக்கான் உறை போட்டது, உள்ளே தலைமுடியை விட மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், சூட்டுக்கும் தாங்கும். பழைய புரோப் ஒன்றை அறுத்து எடுத்தேன். ஈயம் வைக்கிற இணைப்பு அசையாத இடத்தில் இருக்க வேண்டும். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் குச்சியாக்கிவிடும், அது வளைகிற இடத்தில் இருந்தால் ஆறு மாதத்தில் மறுபடி அங்கேயே அறும். தட்டு முழுசாகத் திரும்பினாலும் இழுபடாத அளவுக்கு ஒரு சுற்றுத் தளர்வு விட வேண்டும், ஆனால் சுற்றுகிற பல்சக்கரத்தில் உரசக்கூடாது. இரண்டு ஒயரையும் இடம் மாற்றி வைத்துவிடக் கூடாது. மாற்றினால் வண்டி ஓடும், ஆனால் பொறி விழுகிற நேரம் தப்பிப்போய், எங்கே கோளாறு என்று இன்னொரு மாதம் தேடுவீர்கள். பல்லுக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி என் வண்டிக்கு 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர். பித்தளை ஃபீலர் கேஜ் இருந்தால் நல்லது, இரும்பு கேஜைக் காந்தம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் ஐயா என் மனைவியின் நெயில் பாலிஷ் கேட்டார். ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது, உடம்பு எஞ்சினோடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு. திரும்ப மாட்டும்போது, பொறி விழுகிற நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்தோம், கோட்டுக்கே வந்து நின்றது.

அன்று சாயந்தரம் அவர் இன்னும் சில விஷயங்கள் சொன்னார். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்துப் பொறி பார்த்துவிட்டு ‘கரண்ட் நல்லா வருது’ என்று முடிவு கட்டுவது அவருக்குப் பிடிக்காது. வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்ட மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே தூரத்தைத் தாண்ட அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வெளியே குதிக்கிற பொறி உள்ளே குதிக்காமல் போகலாம். அதனால் நுனி வெட்டிய பழைய பிளக் ஒன்றை எர்த் கம்பியோடு கட்டி வைத்திருந்தார், ஐந்தாறு மில்லிமீட்டர் தாண்டினால்தான் ஒப்புக்கொள்வார். எர்த் இல்லாமல் ஒயரை வெறுமனே தொங்கவிட்டுச் செல்ஃப் அடிப்பது, தூரத்திலிருந்து தாவவிட்டு வேடிக்கை பார்ப்பது இரண்டும் பாயிண்ட் காலத்து வீரம். போக இடம் இல்லாத வோல்ட் திரும்பி வந்து மாட்யூலைத்தான் தின்னும்.

மழைக்காலக் கோளாறுக்கு இருட்டில் பானெட்டைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னார். மூடியில் விரிசல் இருந்தால் நீலமாக நூல் ஓடும். மூடியின் உட்பக்கம் பென்சில் கோடு மாதிரி கருப்புத் தடம் இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மச்சான் புது மாடல் கார் வைத்திருக்கிறான். அவனுக்கு டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, வேக்கம் குழாயும் இல்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் ஒரு காயில். ஸ்கேனர் வைத்தால் பி0301 என்று கோட் வரும், முதல் சிலிண்டர் மிஸ்ஸிங் என்று அர்த்தம். உடனே காயில் வாங்க ஓடினான். பிடித்து நிறுத்தினேன். முதல் சிலிண்டர் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி மாட்டி, கோடை அழித்துவிட்டு ஒரு நாள் ஓட்டச் சொன்னேன். பி0303 என்று வந்தால் காயில் கெட்டது. பி0301 என்றே நின்றால் காயில்மேல் குற்றம் இல்லை, பிளக்கையும் கப்ளரையும் இஞ்செக்டரையும் பார்க்க வேண்டும். அதே கோட்தான் வந்தது. கப்ளருக்குள் ஒரு பின் பச்சை பூத்திருந்தது. அந்த வண்டிகளில் என் பிக்கப்பின் வேலையைச் செய்வது கிராங்க் சென்சார். அதற்கும் சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கிற பழக்கம் உண்டு.

கூலி என்ன என்று ஐயாவிடம் கேட்டேன். இருநூறு போதும் என்றார். நான் வாங்கிக் குவித்த சாமான்களின் பில் சட்டைப்பையில் இருந்தது, அதை வெளியே எடுக்கவில்லை. ஐந்நூறு கொடுத்தேன், முந்நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வண்டியைக் கிளப்பும்போது ஜன்னல் பக்கம் வந்தார். “காயில் கட்டறவருன்னு சொன்னாங்களே. நம்ம கிணத்து மோட்டார் ஒண்ணு இம்சை பண்ணுதுங்க தம்பி. ரெண்டு பேரு வந்து, மெகர் மீட்டர் வச்சு கரண்ட் கசியுதான்னு பாத்துட்டு, நல்லாருக்கு, ஒண்ணுமில்லைன்னுட்டுப் போயிட்டாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான் ட்ரிப் ஆகுது.”

“அவங்க எப்ப வந்து பாத்தாங்கய்யா?”

“காலைல வெயிலுக்கு முன்னால.”

மறுநாள் மெகரையும் கிளாம்ப் மீட்டரையும் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, ஒன்றே முக்காலுக்கு அவர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.